எரிந்துபோன மூலமாதிரி: மியூனிக்கில் அழிந்த டைனோசரும் எஞ்சியிருந்த படங்களும்

1944 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் திகதி இரவு பிரித்தானிய விமானப்படை ஜேர்மனியின் மியூனிக் நகர் மீது குண்டுகளை வீசியது. நகரின் மையத்தில், நொய்ஹவுசர் வீதியில் இருந்த பழைய அக்கடமிக் கட்டடம் அந்த இரவில் தீக்கிரையானது. பவேரிய அரசின் உயிர்ச்சுவடுத் தொகுப்பு அந்தக் கட்டடத்தில்தான் இருந்தது. எகிப்தின் பாலைவனத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவரப்பட்ட டைனோசர் எலும்புகள் அதற்குள் இருந்தன. அவற்றில் ஒன்று ஸ்பைனோசோரஸ். 2001 இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ மூன்றாம் படத்தைப் பார்த்தவர்களுக்கு முதுகில் பாய்மரம் போல எலும்பு விரிந்த அந்த விலங்கு நினைவிருக்கும். அந்தப் பெயரை விஞ்ஞானம் எந்த எலும்புகளைப் பார்த்து வைத்ததோ, அந்த எலும்புகள் அன்றிரவு இல்லாமல் போயின.

மனிதர்கள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த ஒரு யுத்தத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்த விலங்கின் எலும்பு எரிந்ததைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றின் மூலப்பிரதி அழிந்துபோனால் என்ன நடக்கும், அது இருந்தது என்பதையே பிறகு எப்படி நிரூபிப்பது என்ற கேள்விகள் எங்களுக்குப் புதியவை அல்ல. அந்தக் கேள்விகளை உயிர்ச்சுவடு ஆய்வாளர்கள் எண்பது ஆண்டுகளாக எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

மூலமாதிரி என்றால் என்ன?

புதிதாக ஒரு விலங்கையோ தாவரத்தையோ கண்டுபிடித்து அதற்கு விஞ்ஞானப் பெயர் வைக்கும்போது, ஆய்வாளர் வெறுமனே அதை விவரித்து எழுதினால் போதாது. “இந்தப் பெயர் இந்தப் பொருளுக்கு உரியது” என்று ஒரு குறிப்பிட்ட மாதிரியைச் சுட்டிக்காட்ட வேண்டும். அது ஒரு முழு எலும்புக்கூடாக இருக்கலாம், ஒரு தாடைத் துண்டாக இருக்கலாம், ஒரேயொரு பல்லாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இதை டைப் ஸ்பெசிமென் என்கிறார்கள். பெயருக்கு ஒரேயொரு மாதிரி மட்டும் நியமிக்கப்பட்டிருந்தால் அது ஹோலோடைப். இந்தக் கட்டுரையில் மூலமாதிரி என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

காணி உறுதியை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். “அரசமரத்தடிக் காணி” என்று ஊரில் எல்லோரும் சொல்லலாம். ஆனால் எல்லை எது என்ற பிரச்சினை வந்தால் உறுதியையும் நில அளவை வரைபடத்தையும்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதேபோல், நாளை ஒருவர் மொரோக்கோவிலோ நைஜரிலோ ஓர் எலும்பைக் கண்டெடுத்து “இதுவும் ஸ்பைனோசோரஸ்தான்” என்று சொன்னால், அது சரியா என்று பார்ப்பதற்கு மூலமாதிரியோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போனால் அதே பெயர். ஒத்துப்போகாவிட்டால் வேறு பெயர்.

மூலமாதிரி அந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரியாக இருக்க வேண்டும் என்றில்லை. பிற்காலத்தில் அதைவிட முழுமையான எலும்புக்கூடு கிடைக்கலாம். அப்போதும் பெயருக்குச் சாட்சி முதல் மாதிரிதான். அதனால்தான் அருங்காட்சியகங்களில் மூலமாதிரிகளைச் சிவப்புச் சீட்டு ஒட்டி, தனி அலுமாரிகளில் பூட்டி வைக்கும் வழக்கம் இருக்கிறது. பார்வையாளர் கூடத்தில் நாம் பார்ப்பது பல நேரங்களில் அதன் வார்ப்பு மட்டுமே. விலங்கியல் பெயரிடலுக்கான சர்வதேச விதிக்கோவை, மூலமாதிரிகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றை விஞ்ஞானத்தின் சார்பில் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருப்பதாகக் கருத வேண்டும் என்கிறது. அதாவது பூட்டும் திறப்பும் ஒருவரிடம் இருக்கலாம், ஆனால் பொருள் எல்லோருக்கும் உரியது.

பாலைவனத்திலிருந்து வந்த பெட்டிகள்

எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1871 இல் நூரென்பேர்க்கில் பிறந்தவர். 1910 நவம்பரில் எகிப்துக்குப் போனார். அவர் தேடிப் போனது டைனோசர்களை அல்ல, பழைய பாலூட்டிகளை. 1911 ஜனவரியில் மேற்குப் பாலைவனத்தில் உள்ள பஹாரியா பாலைவனச்சோலைக்குச் சென்றபோதுதான் பெரிய எலும்புகள் அவர் கண்ணில் பட்டன. அவர் ஊர் திரும்பிய பிறகு, அங்கேயே வாழ்ந்த ரிச்சர்ட் மார்க்கிராஃப் என்ற உயிர்ச்சுவடு சேகரிப்பாளர் தோண்டும் வேலையைத் தொடர்ந்தார். 1912 இல் மார்க்கிராஃப் கண்டெடுத்ததுதான் ஸ்பைனோசோரஸ்.

கீழ்த்தாடையின் பகுதிகள், பற்கள், முள்ளந்தண்டு எலும்புகள் ஆகியவை கிடைத்தன. சில முள்ளந்தண்டு எலும்புகளிலிருந்து மேல்நோக்கி நீண்ட முட்களில் மிக உயரமானது 1.65 மீற்றர், கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். 1915 இல் ஸ்ட்ரோமர் அதற்கு ஸ்பைனோசோரஸ் ஈஜிப்டியாக்கஸ் என்று பெயர் வைத்தார். “எகிப்தின் முள் பல்லி” என்று பொருள். ஒவ்வோர் எலும்பையும் அளந்து, விவரித்து, வரைபடத் தகடுகளோடு வெளியிட்டார். தொகுப்பில் அதற்குக் கொடுக்கப்பட்ட எண் 1912 VIII 19.

முதல் உலக யுத்தம் இடையில் வந்தது. எகிப்து பிரித்தானியர் கையில் இருந்தது. ஜேர்மனிக்கு அனுப்ப வேண்டிய மீதிப் பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. மார்க்கிராஃப் 1916 இல் இறந்துபோனார். பெட்டிகள் மியூனிக் வந்து சேர்ந்தது 1922 இல்தான். திறந்து பார்த்தபோது பல எலும்புகள் நொறுங்கிப் போயிருந்தன. அவற்றைப் பொறுக்கி ஒட்டி, 1931 இல் கார்க்காரோடொன்டோசோரஸ் என்றும், 1932 இல் ஈஜிப்டோசோரஸ் என்றும், 1934 இல் பஹாரியாசோரஸ் என்றும் ஸ்ட்ரோமர் எழுதி வெளியிட்டார். தோண்டியெடுத்ததிலிருந்து எழுதி முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மாற்றச் சொன்னவரும் மறுத்தவரும்

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் நகரங்கள் மீது குண்டுவீச்சு தொடங்கியபோது, பல அருங்காட்சியகங்கள் தங்கள் அரிய பொருட்களைச் சுரங்கங்களுக்கும் நகருக்கு வெளியேயும் கொண்டுபோய் வைத்தன. மியூனிக் தொகுப்பையும் அப்படி மாற்ற வேண்டும் என்று ஸ்ட்ரோமர் மீண்டும் மீண்டும் கேட்டார். அப்போது தொகுப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் கார்ல் பொய்ர்லன், நாசிக் கட்சிக்காரர். அவர் சம்மதிக்கவில்லை. பொருட்களை அப்புறப்படுத்துவது என்றால் எதிரியின் குண்டு இங்கே விழும் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். வெற்றியில் நம்பிக்கை இல்லை என்று காட்டுவது அந்த ஆட்சியில் குற்றத்துக்குச் சமம்.

ஸ்ட்ரோமர் நாசிகளை வெளிப்படையாக விமர்சித்தவர். அந்த யுத்தத்தில் அவருடைய மூன்று மகன்மாரும் போர்முனைக்குப் போனார்கள். இருவர் கொல்லப்பட்டனர். மூன்றாமவர் சோவியத் படைகளிடம் கைதியானார். யுத்தம் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1950 இல்தான் அவர் வீடு திரும்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்ட்ரோமர் காலமானார்.

எலும்புகளை மட்டும் இழந்தவர் அல்ல அவர் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த மூன்றாவது மகனுக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் இருக்கிறது.

உறுதி தொலைந்தால்?

மூலமாதிரி அழிந்துவிட்டால் பெயரும் அழிந்துவிடுமா? இல்லை. பெயர் செல்லுபடியாகும். ஏனெனில் அது உரிய முறையில் வெளியிடப்பட்ட பெயர். ஆனால் சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க எதுவும் இல்லை. வெளியிடப்பட்ட விவரணையும் படங்களும்தான் மிச்சம்.

இப்படியான நிலைமைக்காகவே நியோடைப் என்ற ஏற்பாடு விதிக்கோவையில் இருக்கிறது. மூலமாதிரி தொலைந்தோ அழிந்தோ போனால், வேறொரு மாதிரியை அதன் இடத்தில் நியமிக்கலாம். இடப்பெயர்வில் பிறப்புப் பதிவு இல்லாமல் போனவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுப்பார்களே, ஏறத்தாழ அதைப் போன்றது. இதற்கு நிபந்தனைகள் உண்டு. பழையது இல்லை என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். புதிய மாதிரி முடிந்தவரை பழையது கிடைத்த அதே இடத்தையும் அதே பாறை அடுக்கையும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒரு விஞ்ஞான நிறுவனத்தின் உடைமையாகவும் இருக்க வேண்டும். தனியார் ஒருவரின் வரவேற்பறையில் இருக்கும் எலும்பை நியோடைப் ஆக்க முடியாது.

ஸ்பைனோசோரஸுக்கு அப்படியொரு மாற்று 2014 இல்தான் வந்தது. ஜேர்மனியில் வளர்ந்த, மொரோக்கோ வம்சாவளியைச் சேர்ந்த நிஸார் இப்ராஹிம் என்ற ஆய்வாளர் 2008 இல் மொரோக்கோவின் எர்ஃபூத் நகரில் இருந்தபோது, மீசை வைத்த ஒருவர் அட்டைப்பெட்டி ஒன்றில் சில எலும்புகளைக் கொண்டுவந்து காட்டினார். அடுத்த ஆண்டு இத்தாலியின் மிலான் அருங்காட்சியகத்தில் வேறு சில எலும்புகளைப் பார்த்தபோது, அந்தப் பெட்டியில் இருந்தவையும் இவையும் ஒரே விலங்கினுடையவை என்று இப்ராஹிமுக்குத் தோன்றியது. எலும்பில் ஒட்டியிருந்த மண்ணும் அதைத்தான் சொன்னது. ஆனால் எங்கே தோண்டியது என்று தெரியாமல் அந்த எலும்புகளுக்குப் பெரிய பெறுமதி இல்லை. மீசைக்காரரின் பெயரோ விலாசமோ அவரிடம் இல்லை. 2013 இல் மறுபடியும் எர்ஃபூத் போய்த் தேடினார். தேடிக் களைத்து ஒரு தேநீர்க்கடையில் இருந்தபோது அந்த மனிதர் அவர்களைத் தாண்டி நடந்து போனார். அவர் தோண்டிய குழியைக் காட்டிக்கொடுத்தார். அங்கே மேலும் எலும்புகள் கிடைத்தன. மிலானில் இருந்தவையும் மொரோக்கோவுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டு, எல்லாம் கஸபிளங்கா நகரின் ஹசன் II பல்கலைக்கழகத் தொகுப்பில் சேர்ந்தன. அதுவே ஸ்பைனோசோரஸின் நியோடைப் என்று அறிவிக்கப்பட்டது. 2020 இல் அதே விலங்கின் வாலும் விவரிக்கப்பட்டது. துடுப்புப் போல அகன்ற வால் அது. நீரில் அதிகம் வாழ்ந்த விலங்கு என்ற வாதம் அதனால் வலுத்தது.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. பஹாரியாவுக்கும் இந்த இடத்துக்கும் இடையே 3,000 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். மொரோக்கோவில் கிடைத்தது எகிப்தில் கிடைத்த அதே இனம்தானா என்று 2015 இல் வேறு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். மூலமாதிரி கையில் இருந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். அது இல்லாதபடியால் இது வாதமாகவே தொடர்கிறது.

படத்திலிருந்து பிறந்த பெயர்

இனி அந்த மூன்றாவது மகனின் கதைக்கு வருகிறேன். தந்தையின் ஆவணங்கள் அவரிடம் இருந்தன. 1995 இல் அவர் அவற்றை மியூனிக் தொகுப்புக்குக் கையளித்தார். அவற்றுக்குள் ஸ்பைனோசோரஸ் மூலமாதிரியின் இரண்டு புகைப்படங்கள் இருந்தன. ஒன்று கீழ்த்தாடையைக் காட்டியது, மற்றது அருங்காட்சியகத்தில் முழு மாதிரியும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த விதத்தைக் காட்டியது. 1915 இல் வெளியானவை கையால் வரைந்த படங்கள். வரைந்தவர் எவ்வளவு துல்லியமாக வரைந்தார் என்று சரிபார்க்க அதுவரை வழி இருக்கவில்லை. 2006 இல் இந்தப் புகைப்படங்கள் ஆய்விதழில் வெளியானபோது அந்த வழி கிடைத்தது.

இதைவிடப் பெரிய செய்தி 2025 ஜனவரியில் வந்தது. 1914 இல் பஹாரியாவில் மார்க்கிராஃப் எடுத்த இன்னொரு பெரிய ஊனுண்ணி டைனோசர், தொகுப்பு எண் 1922 X 46. ஸ்ட்ரோமர் அதைக் கார்க்காரோடொன்டோசோரஸ் என்று 1931 இல் எழுதினார். அதுவும் 1944 இல் எரிந்துபோனது. பின்னர் மொரோக்கோவில் ஒரு பெரிய மண்டையோடு கிடைத்தபோது, அதுவும் எகிப்து விலங்கும் ஒரே இனம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. 2007 இல் மொரோக்கோ மண்டையோடே அந்த இனத்தின் நியோடைப் ஆனது. எரிந்துபோன எகிப்து எலும்புக்கூட்டை மீளப் பார்க்க வழி இருக்கவில்லை.

மியூனிக்கைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் மக்ஸிமிலியன் கெல்லர்மன் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஃபிரீட்ரிக் ஃபொன் ஹூனே என்ற பழைய உயிர்ச்சுவடு ஆய்வாளரின் ஆவணங்களைப் பார்த்தபோது, யாரும் அறியாத சில புகைப்படங்கள் அவர் கையில் பட்டன. எகிப்து எலும்புக்கூட்டின் மண்டையோடு, முள்ளந்தண்டு, பின்னங்கால் எலும்புகள் எரிவதற்கு முன் எடுக்கப்பட்ட படங்கள். அவற்றை ஸ்ட்ரோமரின் விவரணையோடும் மொரோக்கோ மண்டையோட்டோடும் வைத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே விலங்கல்ல என்று தெரிந்தது. எகிப்து விலங்கின் மூக்கின் மேல் ஒரு கொம்பு இருந்தது. மூளையின் முன்பகுதியும் வேறுபட்டது. கெல்லர்மனும் அவரது குழுவினரும் அதற்குப் புதுப்பெயர் வைத்தார்கள்: டமேரிராப்டர் மார்க்கிராஃபி. பாலைவனத்தில் அதைத் தோண்டியெடுத்து, பெட்டிகள் மியூனிக் போய்ச் சேர்வதைப் பார்க்காமலே இறந்துபோன மார்க்கிராஃப் பெயரில் அது இப்போது அழைக்கப்படுகிறது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். டமேரிராப்டரின் மூலமாதிரி எது? 1944 இல் எரிந்த அதே எலும்புக்கூடுதான். விதிக்கோவை இதை அனுமதிக்கிறது. படத்தில் உள்ள மாதிரியை மூலமாதிரியாக நியமிக்கலாம். அந்த மாதிரி இப்போது இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் நியமனம் செல்லாமல் போகாது. எண்பது ஆண்டுகளுக்கு முன் சாம்பலான ஒரு பொருள், அது இருந்தது என்பதற்கும் எப்படி இருந்தது என்பதற்கும் போதிய பதிவு இருந்ததால், தன் பெயரைப் பெற்றுக்கொண்டது. மாற்றாக வைக்கப்பட்ட ஒன்றால் அதன் இடத்தை முழுதாக நிரப்ப முடியவில்லை என்பதும் கூடவே தெரிந்தது.

கல்லமேடு: பதிவு போதாதபோது

இதற்கு நேர்மாறான கதை ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்ற ஊர். டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த பாறைகள் அங்கே இருக்கின்றன. 1980களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் அங்கே மிகப்பெரிய எலும்புகள் சிலவற்றைக் கண்டு விவரித்தார்கள். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட எலும்பு ஒன்று மட்டுமே சுமார் இரண்டு மீற்றர் நீளம் என்று அறிக்கை சொன்னது. புருஹத்காயோசோரஸ் மாட்லேயி என்று பெயர் வைத்தார்கள். ‘பிருஹத்காயம்’, பேருடல் என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்த பெயர். இன்றுவரை உலகில் வாழ்ந்த மிகப்பெரிய தரைவாழ் விலங்குகளில் ஒன்று என்று அதைக் கருதுவோர் உண்டு.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. களத்தில் சுற்றிக் கட்டிய உறைகளுக்குள்ளேயே அவை சிதையத் தொடங்கின என்றும், ஆய்வுத்துறைக்குப் போய்ச் சேரும் முன்பே கெட்டுப்போயின என்றும் 2017 இல் வெளியான ஒரு கட்டுரையில் அய்யாசாமியே எழுதினார். யுத்தம் இல்லை, குண்டு இல்லை. ஈரமும் உக்கிய எலும்பும் போதுமாக இருந்தன.

மியூனிக் எலும்புகளும் இல்லை, கல்லமேடு எலும்புகளும் இல்லை. ஆனால் இரண்டின் நிலையும் ஒன்றல்ல. ஸ்ட்ரோமரின் விவரணை விரிவானது, தகடுகள் பல. கல்லமேடு பற்றிய முதல் அறிக்கையில் இருந்தது சுருக்கமான விவரணையும் சில கோட்டுப்படங்களும்தான். அதனால் பல ஆண்டுகளாக அது எலும்பே அல்ல, கல்லாக மாறிய மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். பார்த்தவர்கள் பார்த்தோம் என்று சொன்னாலும், காட்டுவதற்கு எதுவும் இல்லை. களத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் 2022 இல் வெளியான பிறகுதான் அந்தச் சந்தேகம் குறைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் படங்கள் வெளிவராமல் இருந்திருக்கின்றன.

குருவிட்டவில் இரண்டு பற்கள்

எங்கள் தீவுக்கும் இப்படி மூலமாதிரிகள் உண்டு. இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கக்கல் அகழும்போது வண்டல் அடுக்குகளிலிருந்து பழைய விலங்குகளின் எலும்புகளும் பற்களும் வெளிவருவது வழக்கம். தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைச் சேகரித்து, அழிந்துபோன காண்டாமிருகங்களுக்கும் நீர்யானைக்கும் பெயர் வைத்தார். 1939 இல் குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களை அடிப்படையாகக் கொண்டு இலங்கைச் சிங்கம் என்ற துணையினத்துக்கும் பெயர் வைத்தார்: பான்தெரா லியோ சிங்ஹலேயுஸ். மனிதக் குடியேற்றங்களுக்கு மிக முந்திய, அழிந்துபோன விலங்கு அது என்று கருதப்படுகிறது.

சிங்கம் என்றால் இந்த நாட்டில் கொடியும் வம்சக் கதையும் நினைவுக்கு வரும். அந்தக் கதைகளை நம்புவதும் நம்பாமல் விடுவதும் அவரவர் பாடு. ஆனால் பல்லின் விடயம் வேறு. அதை அளக்கலாம், வேறு சிங்கங்களின் பல்லோடு ஒப்பிடலாம், பெயர் வைத்தவர் சொன்னது சரியா என்று கேட்கலாம். இலங்கை ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட கட்டுரை அப்படிக் கேட்டது. அது சிங்கத்தின் பல் என்று எதை வைத்துத் தீர்மானித்தார் என்பதைத் தெரணியகல தெளிவாக எழுதவில்லை என்று சுட்டிக்காட்டியது. மூலமாதிரி வைத்திருப்பதன் பயன் இதுதான். அது யாருடைய பக்கமும் பேசுவதில்லை. கேள்வி கேட்பவர் எவராக இருந்தாலும் போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறது.

எங்கள் பொலித்தீன் பைகள்

எங்கள் வீடுகளில் இப்போதும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ், ஒன்றிரண்டு படங்கள். ஒவ்வோர் இடப்பெயர்விலும் முதலில் கைக்குப் போனது அந்தப் பைதான். செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் அந்தப் பையை அவிழ்த்து ஒரு படத்தை எடுத்து என் கையில் தரும் தாய்மாரைப் பல தடவை கண்டிருக்கிறேன். பையோடு தவறவிட்டவர்களையும் கண்டிருக்கிறேன். “இருந்தவன் என்று காட்ட ஒரு படம்கூட இல்லை, தம்பி” என்று சொன்னால் அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சிட்ட நூல்கள் பலவற்றுக்கு வேறெங்காவது பிரதி இருந்தது, மீண்டும் வாங்க முடிந்தது. ஒரேயொரு பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிகளுக்கு அந்த வழி இருக்கவில்லை. மூலத்தின் பெறுமதியை அந்த இரவு எங்களுக்குச் சொல்லித்தந்தது. 2005 இலிருந்து நூலகம் என்ற இணையவழி நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவருவதும் அந்தப் பாடத்திலிருந்து வந்ததுதான்.

உயிர்ச்சுவடு அருங்காட்சியகங்களும் மியூனிக்கிலிருந்து பாடம் படித்திருக்கின்றன. மூலமாதிரிகளை முப்பரிமாணமாக ஸ்கேன் செய்து, கோப்புகளை வேறு நாடுகளிலும் வைக்கிறார்கள். வார்ப்புகள் எடுத்துப் பிற நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். 1941 இல் சீனாவில் யுத்தத்தின் நடுவே காணாமல்போன ‘பீக்கிங் மனிதன்’ எலும்புகளைப் பற்றி இன்றும் ஆராய முடிவது, முன்னமே எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிய வார்ப்புகளால்தான்.

மூலத்தைக் காப்பாற்றுவது எப்போதும் எங்கள் கையில் இருப்பதில்லை. ஸ்ட்ரோமர் கெஞ்சியும் பெட்டிகள் நகரவில்லை. ஆனால் அது கையில் இருக்கும்போது செய்யக்கூடிய வேலைகளை அவர் செய்து வைத்திருந்தார். அளந்தார், எழுதினார், படம் எடுத்தார், எண் இட்டார். எங்கே எந்த ஆண்டு கிடைத்தது என்று குறித்தார். பிரதிகள் ஒரே கட்டடத்தில் தங்கவில்லை. ஒன்று குடும்பத்தின் கையிலும் இன்னொன்று வேறு ஊரில் வேறொருவரின் கோப்பிலும் இருந்தன. எரிந்த கட்டடத்துக்கு வெளியே இருந்த அந்தத் தாள்கள்தான் பேசின.

எலும்பின் சீட்டில் இடமும் ஆண்டும் இல்லாவிட்டால் அது வெறும் கல். பையில் இருக்கும் படமும் அப்படித்தான். அதன் பின்புறத்தில் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வைக்க ஐந்து நிமிடம் போதும். அதைத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஒரு பிரதி எடுத்து வேறோர் ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். யார் எப்போது தேடி வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. மார்க்கிராஃபின் பெயரைத் தாங்கிய விலங்குக்காக ஒருவர் டியூபிங்கனில் ஒரு கோப்பைத் திறந்தபோது, அந்த எலும்புகள் எரிந்து எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.